தந்தை நிழலும் மகன் கலையும்: பிராண்டன் லீயின் நடிப்பு பற்றிய ஒரு திறனாய்வு

1. தோற்றுவாய்

புகழ்மிக்க தந்தைக்கு மகனாய்ப் பிறந்து, தந்தை மேற்கொண்ட கலையையே தானும் மேற்கொண்டான் ஒருவனை மதிப்பிடுதல் திறனாய்வாளர்க்கு எளிதன்று. அவன் அரங்கில் தோன்றுமுன்னரே அவன் தந்தை காண்போர் நினைவில் தோன்றிவிடுகின்றார். மகன் நன்கு நடிப்பின், 'தந்தையின் குருதியன்றோ' என்பர். நடிப்புக் குறையின், 'தந்தை எங்கே, இவன் எங்கே' என்பர். இருவகையானும் பேசப்படுவார் தந்தையே ஆவர். மகனுடைய உழைப்பும் பயிற்சியும் தேர்வும் இவ்விரு தீர்ப்புகட்கும் இடையே காணாமற் போகின்றன. இந்நிலைக்கு இருபதாம் நூற்றாண்டுத் திரைக்கலை தரும் சான்றுகளுள் தலையாயது, புரூஸ் லீயின் மகனாராகிய பிராண்டன் லீயின் வரலாறு எனலாம்.

பிராண்டன் லீ 1965ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள், கலிபோர்னியாவைச் சேர்ந்த ஓக்லாந்து நகரிற் பிறந்தார். 1993ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள், 'தி குரோ' என்னும் படத்தின் படப்பிடிப்பிற் குண்டுபட்டு, 28ஆம் அகவையில் உயிர் நீத்தார். அவர் நடித்தவை ஒரு கைவிரல்விட்டு எண்ணுதற்குச் சிறிது மிகுவனவே. அவரைப் பற்றி எழுதப்பட்டவையோ மிகப் பல. அங்ஙனம் எழுதப்பட்டவற்றுட் பெரும்பகுதி இரண்டு சொற்களுள் அடங்கும். ஒன்று 'நிழல்', மற்றொன்று 'சாபம்'. அவருடைய நடிப்பு யாது என்னும் வினாவை எழுப்பினோர் சிலரே.

ஆதலின் ஈண்டு யாம் மூன்று வினாக்களை எடுத்துக்கொள்கின்றோம். தந்தையின் பெயர் மகனுடைய கலைவாழ்வில் எவ்வாறு தொழிற்பட்டது? மகன் தமக்கென ஒரு நெறி கண்டனரா? அவர் இறப்பைச் சூழ்ந்த கதைகள் அவர் கலையை அறிதற்குத் துணையாகின்றனவா, தடையாகின்றனவா? இவ்வினாக்களுக்கு விடையை வாழ்க்கைக் கதையிற் காண்பதினும் படங்களிற் காண்பதே முறை என்பது எம் கருத்து.

2. தந்தை விட்டுச் சென்ற பெயர்

புரூஸ் லீயும் ஒரு நடிகரின் மகனே என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அவர் தந்தையார் லீ ஹோய்-சுவென் காண்டனிய இசைநாடகத்திற் பெயர்பெற்ற நடிகர். அந்நாடகக் குழு அமெரிக்கப் பயணத்தில் இருந்த காலத்தேதான் 1940ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவிற் புரூஸ் லீ பிறந்தார். கைக்குழந்தையாகவே 1941இல் வெளிவந்த ஒரு படத்தில் அவர் தோன்றினார். பின்னர் ஹாங்காங்கிற் குழந்தை நடிகராகப் பல படங்களில் நடித்தார். எனினும், அவரை 'லீ ஹோய்-சுவெனின் மகன்' எனக் குறித்து எவரும் அளப்பதில்லை. ஏன்? தந்தையின் களம் இசைநாடகம். மகனின் களம் திரைப்படமும் மற்கலையும். தந்தையைக் கண்ட கூட்டம் வேறு. மகனைக் கண்ட கூட்டம் வேறு. இதனால் ஒன்று புலனாகும்: குருதியுறவு மட்டும் நிழலைத் தோற்றுவிப்பதில்லை, களமும் காண்போரும் ஒன்றாய வழியே நிழல் விழுகின்றது.

புரூஸ் லீயின் மகனுக்கோ களமும் ஒன்று, காண்போரும் ஒருவரே. அன்றியும், வேறொரு கடுமையும் ஈண்டு உண்டு. புரூஸ் லீ 1966-67இல் 'தி கிரீன் ஹார்னெட்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிற் கேட்டோ என்னும் துணைமாந்தராக நடித்தார். பின்னர் ஹாங்காங் சென்று 'தி பிக் பாஸ்' (1971), 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' (1972), 'வே ஆஃப் தி டிராகன்' (1972) ஆகியவற்றில் நடித்துப் பெரும்புகழ் எய்தினார். 'எண்டர் தி டிராகன்' (1973) திரைக்கு வருமுன்னரே, 1973 ஜூலை 20ஆம் நாள், மூளை வீக்கத்தால் 32ஆம் அகவையில் மறைந்தார். உலகெங்கும் அவர் புகழ் பரவியது அவர் மறைந்த பின்னரே. இதனால் விளைந்தது யாது? அவர் முதுமையுறவில்லை, அவர் ஆற்றல் தளரவில்லை, தோல்வியுற்ற படம் ஒன்றும் அவர் நடுவயதில் வரவில்லை. வாழும் தந்தையொருவரோடு ஒப்பிடப்படும் மகனுக்குக் காலம் துணைசெய்யும். தந்தை தளர மகன் வளர்வான். பிராண்டன் லீக்கு அத்துணை வாய்க்கவில்லை. அவர் எதிரே நின்ற தந்தை என்றும் 32 அகவையினராகவே நின்றார்.

ஹாலிவுட் வரலாற்றில் இதனோடு ஒப்புநோக்கத்தக்க ஒரு நிகழ்ச்சி உண்டு. ஊமைப்பட காலத்தில் ஒப்பனைக் கலையாற் பெரும்புகழ் எய்திய லான் சேனி 1930இல் மறைந்தார். அவர் மகனார் கிரைட்டன் சேனி என்னும் தம் இயற்பெயராலேயே நடிக்கத் தொடங்கினார்; ஆயின், சில ஆண்டுகளில் 'லான் சேனி இளையவர்' எனப் பெயர் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. வாணிகம் மகனின் பெயரை விழுங்கித் தந்தையின் பெயரை அவர்மேல் எழுதியது. பிராண்டன் லீயின் இயற்பெயர் அவரிடமே நின்றது; எனினும் 'லீ' என்னும் குடிப்பெயரே அவ்வாணிகத்திற்குப் போதியதாயிற்று.

புரூஸ் லீ மறைந்த பின்னர், 'புரூஸ் லி', 'புரூஸ் லே', 'டிராகன் லீ' எனப் பெயர் புனைந்துகொண்ட நடிகர்கள் அவர் நடையையும் உடையையும் கூவலையும் போன்மை செய்து படங்கள் பல நடித்தனர். அவர்கள் பெயரைத் தாமே விரும்பிப் பூண்டனர். வேண்டாதபோது களைந்தும் வைத்தனர். அப்பெயரைக் களைய இயலாதவர் ஒருவரே. அவர் அதனைப் பிறப்பாற் பெற்ற மகன்.

3. இருவகைப் பயிற்சி

தந்தை மறைந்தபோது பிராண்டனுக்கு அகவை எட்டு. தாயார் லிண்டா, தங்கை ஷானன் ஆகியோருடன் அவர் ஹாங்காங்கை விட்டு அமெரிக்கா திரும்பினார். புரூஸ் லீ சியாட்டில் நகரத்து லேக் வியூ இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். பின்னர்க் குடும்பம் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியிற் குடியேறியது.

மகன் பெற்ற பயிற்சி இருவகைத்து. ஒன்று உடற்பயிற்சி. இது தந்தையின் மாணவரும் நண்பருமாகிய டான் இனோசாண்டோவிடம் கிடைத்தது. இவ் இனோசாண்டோ 'கேம் ஆஃப் டெத்' படத்திற் புரூஸ் லீயோடு பொருத மாந்தராக நடித்தவர். மற்றொன்று நடிப்புப் பயிற்சி. பாஸ்டனில் உள்ள எமர்சன் கல்லூரியிலும், நியூயார்க்கில் உள்ள லீ ஸ்டிராஸ்பெர்க் நடிப்புப் பள்ளியிலும் இதனை அவர் பெற்றார். முன்னையது தந்தைவழி வந்த செல்வம். பின்னையது தாமே தேடிய செல்வம். பயிற்சியில் அவர் நாடிய திசை யாது என்பதற்கு இதுவே சான்று. வாணிகம் அவரிடம் வேண்டியது முன்னையதை. அவர் தர விரும்பியது பின்னையதை. அவர் கலைவாழ்வு முழுவதும் இவ்விரண்டின் இழுபறியாகவே அமைந்தது.

ஈண்டு ஒரு முரண்பாடு கருதத்தக்கது. புரூஸ் லீ 1967இல் தாம் கண்ட போர்முறைக்கு 'ஜீத் குன் டோ' எனப் பெயரிட்டார். ஆசிரியரைப் படியெடுத்தல் கல்வியாகாது, தத்தம் உடலுக்கும் இயல்புக்கும் ஏற்பனவற்றைக் கொண்டு ஏலாதனவற்றை விலக்குதலே கல்வி என்பது அதன் உயிர்நிலைக் கொள்கை. அம்முறை ஒரு பள்ளியின் மரபாக இறுகிவிடலாகாது எனக் கருதி, 1970இல் தம் பயிற்சிக் கூடங்களையும் அவர் மூடினார். இங்ஙனம் போன்மையை மறுத்த ஒருவரின் மகனிடமே உலகம் போன்மையை வேண்டி நின்றது. மகன் தந்தையினின்றும் விலகினார் எனின், அவ்விலகலே தந்தையின் கொள்கைக்கு உடன்பட்ட ஒழுக்கம் ஆகும். இவ்வுண்மையை உளங்கொள்ளாதார், விலகலைக் குறையெனக் கொண்டு பிழைபட்டனர்.

4. மகன் என்னும் மாந்தர்

பிராண்டன் லீயின் தொடக்கப் படைப்புகளை வரிசைப்படுத்தி நோக்கின், ஒரு பொதுமை புலனாகும். அவருக்கு வழங்கப்பட்ட மாந்தர்கள் பெரும்பாலும் 'மகன்'களே.

1986இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவந்த 'குங்ஃபூ: தி மூவி' அவருக்கு முதல் வாய்ப்பு. 1972 முதல் 1975 முடிய நிகழ்ந்த 'குங்ஃபூ' தொடரின் தொடர்ச்சி அது. அத்தொடரின் தலைமை மாந்தராகிய கெயின் என்னும் துறவி வீரனின் பாங்கிற்குப் புரூஸ் லீயின் பெயரும் கருதப்பட்டது. ஆயின் சீனக் குருதியில்லாத டேவிட் காரடைன் அதனைப் பெற்றார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, அக்காரடைனை எதிர்க்க வரும் இளைஞனாகவும், அவருக்கே மகன் எனக் கதையுட் குறிக்கப்படுவானாகவும் பிராண்டன் லீ நடித்தார். தந்தைக்கு மறுக்கப்பட்ட மாந்தர்க்கு மகனே மகனாய் வந்து நின்றார். அடுத்த ஆண்டு வந்த 'குங்ஃபூ: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்பதிலும் அவர் கெயின் குடியின் வழித்தோன்றலே. 'அடுத்த தலைமுறை' என்னும் பொருள்தரும் அத்தலைப்பே நடிகரையும் மாந்தரையும் ஒருங்கே சுட்டுமாறு அமைந்துள்ளது.

1986இல் ஹாங்காங்கில் ரோனி யூ இயக்கிய 'லெகசி ஆஃப் ரேஜ்' அவர் காண்டனிய மொழியில் நடித்த ஒரே படம். இதன் ஆங்கிலத் தலைப்பு 'வெகுளியாகிய மரபுரிமை' எனப் பொருள்படும். சீனத் தலைப்பிலோ 'நாகம்' என்னும் சொல் உளது. புரூஸ் லீயின் சீனத் திரைப்பெயர் 'சிறு நாகம்' எனப் பொருள்படுவதாகலின், அச்சொல் எவரை நினைப்பூட்டற்கு வந்தது என்பது வெளிப்படை. 'எண்டர் தி டிராகன்' படத்தில் நடித்த போலோ யுங்கும் இதில் ஒரு காட்சியிற் பொருதற்கு வருகின்றார். இத்துணையும் தந்தையின் நினைவை விற்கும் ஏற்பாடுகள்.

ஆயினும் படத்தின் உள்ளீடு வேறு. நண்பனின் வஞ்சனையாற் சிறைபுக்கு, மீண்டு வந்து பழிதீர்க்கும் எளிய உழைப்பாளி ஒருவனின் கதை அது. மற்போர்க் காட்சிகள் குறைவு. துப்பாக்கிப் போரே மிகுதி. தலைமகனின் ஏமாளித்தனம், காதல், சிறையில் அவன் கொள்ளும் ஏக்கம் ஆகியவற்றை இளம் நடிகர் செயற்கையின்றிக் காட்டுகின்றார். ஹாங்காங் திரைப்பட விருதுகளிற் புதுமுக நடிகர்க்குரிய பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. தந்தையின் நகரிலேயே, தந்தையின் முறையைப் பின்பற்றாது நடித்த இப்படத்தைப் பின்வந்தோர் போதிய அளவு பாராட்டவில்லை என்பது எம் துணிபு.

இதன்பின் வந்தவற்றுள் 'லேசர் மிஷன்' வலியற்ற படம். கதையும் இல்லை, நடிகர்க்கு இடமும் இல்லை. 'ஷோடவுன் இன் லிட்டில் டோக்கியோ' (1991) டால்ஃப் லுண்ட்கிரெனைத் தலைமகனாகவும் பிராண்டனைத் துணைவனாகவும் கொண்டது. இதில் அவரிடம் வெளிப்படும் நகைச்சுவை உணர்வு ஒன்றே நினைவில் நிற்பது. இவ்விரண்டையும் நிழலின் கொடுமையாற் கெட்ட படங்கள் எனக் கூறுதல் பொருந்தாது. அவை எழுத்தாலும் இயக்கத்தாலும் குறைபட்டவை. மகனின் குறைகள் யாவற்றிற்கும் தந்தையைக் காரணங்காட்டல், மகனின் நிறைகள் யாவற்றிற்கும் தந்தையைக் காரணங்காட்டல் போன்றே வழுவுடைத்து.

5. 'ராபிட் ஃபயர்': இடைநிலை

1992இல் டுவைட் லிட்டில் இயக்கிய 'ராபிட் ஃபயர்' ஒரு திருப்பம். இதன் தலைமகன் ஜேக் லோ ஓவியக்கலை மாணவன். 1989இல் பீகிங் தியனன்மென் சதுக்கத்தில் நிகழ்ந்த கிளர்ச்சியில் தன் தந்தை கொல்லப்பட்டதைக் கண்டவன். அதனாற் பொதுவாழ்வில் எதனொடும் ஒட்டாது ஒதுங்கி வாழ்கின்றான். கொலையொன்றைக் காண நேர்ந்தமையாற் குற்றவாளிகளின் போருக்குள் இழுக்கப்படுகின்றான். ரையன் என்னும் காவல் அலுவலனோடு முதலிற் பகைத்து, பின்னர் அவனிடம் ஒரு தந்தையின் இடத்தைக் காண்கின்றான்.

மீண்டும் 'இறந்த தந்தையின் மகன்' என்னும் மாந்தரே. ஆயின் வேறுபாடு ஒன்று உளது. முன்னைய படங்களில் தந்தை மகனுக்கு ஆற்றலாக வந்தார்; இப்படத்தில் தந்தை மகனுக்குப் புண்ணாக வருகின்றார். தந்தையைப் பற்றிப் பேச நேருமிடத்து ஜேக் லோ சினத்தை முன்னிறுத்தித் துயரை மறைக்கின்றான். இந்நுட்பம் கைதேர்ந்த நடிகனுக்கே இயல்வது. இதன் போர்க்காட்சிகளைப் பிராண்டனே ஜெஃப் இமாடாவுடன் சேர்ந்து அமைத்தார். கைக்கு அகப்பட்ட பொருளைக்கொண்டு பொருதலும், அடிபட்டவழி நோவு தோன்ற முகம் மாறுதலும், அச்சமும் விரைவும் கலந்த அசைவும் அவற்றின் இயல்பு. தந்தையின் போரிலே உடல் ஓர் அறிவிப்பு. அடி விழுமுன்னரே வெற்றி உறுதி. மகனின் போரிலே உடல் ஒரு தப்புமுயற்சி. வெற்றி இறுதிவரை ஐயத்திற்குரியது. இவற்றுள் ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என யாம் கூறவில்லை. இரண்டும் வேறு வேறு கலைநோக்கம் உடையவை என்பதே யாம் வற்புறுத்துவது.

6. 'தி குரோ': முகமும் முகமூடியும்

ஜேம்ஸ் ஓ'பார் என்பார் தம் காதலியைக் குடிமயக்கில் ஊர்தி செலுத்திய ஒருவனால் இழந்த துயரினின்றும் வரைந்த சித்திரக்கதையே 'தி குரோ'. அலெக்ஸ் புரோயாஸ் இயக்கத்தில் 1994 மே திங்களில் இது படமாக வெளிவந்தது. எரிக் டிரேவன் என்னும் இசைக்கலைஞனும் அவன் மணக்கவிருந்த ஷெல்லியும் திருமணத்திற்கு முன்னாளிரவு கொடியோர் கூட்டத்தாற் கொல்லப்படுகின்றனர். ஓராண்டு கழித்துக் காகம் ஒன்று வழிகாட்ட எரிக் புதைகுழியினின்றும் எழுந்து வந்து, கொலைஞரை ஒவ்வொருவராகத் தேடிச் செல்கின்றான். முகத்தில் வெள்ளை பூசிக் கண்ணிலும் வாயிலும் கருங்கோடு தீட்டிய கோலமே அவன் கோலம்.

பிராண்டன் லீ திரையில் தோன்றிய நாள்தொட்டு, காண்போர் அவர் முகத்தில் ஒன்றையே தேடினர். அது தந்தையின் முகம். கண்ணின் சாயலும் தாடையின் அமைப்பும் சினந்தவழி உதடு இறுகுதலும் ஒப்புநோக்கிப் பேசப்பட்டன. இப்படத்தில் அம்முகம் வண்ணத்தால் மறைக்கப்பட்டது. ஒப்புமை தேடும் கண்ணுக்கு அங்கே பற்றுக்கோடு இல்லை. எஞ்சியவை குரலும் நடையும் கழுத்தின் சாய்வும் திடீரென எழும் நகையும் மட்டுமே. அவை அனைத்தும் மகனுக்கே உரியவை. முகமூடி பிறரை மறைக்கும். இவரையோ அது வெளிப்படுத்தியது. முகத்தை இழந்தவிடத்தே அவர் முகம்பெற்றார்.

இதனைத் தந்தையின் படத்தோடு மெய்ப்பாட்டு நெறியில் ஒப்பிடுவோம். ஒப்பிடுதற்கு ஏற்றது 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'. இரண்டும் பழிவாங்கற் கதைகள். இரண்டும் புதைகுழியிலே தொடங்குவன. முன்னையதில் மாணவன் சென் ஜென் ஆசிரியரின் அடக்கத்திற்கு ஓடிவந்து, குழியுட் குதித்துப் பெட்டியைத் தழுவி அழுகின்றான். பின்னையதில் எரிக் தன் குழியைத் தானே பிளந்து வெளிவருகின்றான். இரண்டும் சாவிலே முடிவன. சென் ஜென் துப்பாக்கிகளை நோக்கிப் பாய்ந்தெழ, அப்பாய்ச்சலிலேயே படம் உறைகின்றது. எரிக் ஷெல்லியின் கல்லறைக்கே மீள்கின்றான்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலுள் அழுகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்றாக இழவையும், வெகுளிக்குரியவற்றுள் ஒன்றாகக் கொலையையும், பெருமிதத்திற்குரியவற்றுள் ஒன்றாகத் தறுகண்மையையும் வைத்தார். இரு படங்களிலும் இழவு உண்டு, கொலை உண்டு, தறுகண்மை உண்டு. வேறுபாடு அவை செல்லும் நெறியில் உளது. 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'யில் அழுகை விரைவில் வெகுளியாகின்றது. வெகுளி விரைவில் பெருமிதமாகின்றது. ஆசிரியரின் சாவு ஓர் இனத்தின் இழிவோடு இணைக்கப்பட்டு, தனியொருவனின் துயர் பலரின் மானமாக மாறுகின்றது. இறுதிக் காட்சியில் அழுகைக்கு இடமே இல்லை. புரூஸ் லீயின் கலை இம்மாற்றத்திலேயே நிலைபெற்றுள்ளது.

'தி குரோ'வில் மாற்றம் எதிர்முகமாக நிகழ்கின்றது. எரிக் ஒவ்வொரு பழிக்குப் பின்னரும் மீண்டும் அழுகைக்கே திரும்புகின்றான். பாழ்பட்ட இல்லத்துட் புகுந்து பொருள்களைத் தொடுந்தோறும் பழைய நாள்கள் அவனுள் எழுந்து வருத்துகின்றன. குண்டுபட்ட புண் ஆறுகின்றது. நினைவாகிய புண் ஆறுவதில்லை. அவன் கொலைகளைக் காட்டிலும் நம் நெஞ்சில் நிற்பது, போதைக்கு அடிமையாகித் தன் மகளை மறந்த தாயொருத்தியின் உடலினின்றும் அந்நஞ்சை வெளியேற்றி, மகளிடம் செல்க எனச் சொல்லி விடுக்கும் காட்சி. அக்காட்சியில் நடிகர் குரலை உயர்த்தவில்லை. சினத்தின் விளிம்பில் நின்று இரக்கத்தைப் பேசுகின்றார்.

எம் கருத்திற்கு முடிவான சான்று இறுதிப் போர். காகம் புண்பட்டமையால் எரிக் தன் ஆற்றலை இழந்து, சாவுக்கு உரியவனாக நிற்கின்றான். பகைத்தலைவனை அவன் வென்றது எதனால்? குத்தினாலும் அன்று, உதையினாலும் அன்று. ஷெல்லி மருத்துவமனையில் முப்பது மணிநேரம் பட்ட நோவை, அவளருகே இருந்த காவலரிடமிருந்து முன்னரே அவன் தன்னுள் ஏற்றிருந்தான். அந்நோவு முழுவதையும் ஒரு தொடுகையாற் பகைவனுக்கு மாற்றிவிடுகின்றான். உலகப் புகழ்பெற்ற மற்போர் வீரரின் மகன், தம் இறுதிப் படத்தின் இறுதிப் போரை நோவை ஒப்படைத்து வெல்கின்றார். தந்தையின் கலை அடியைக் கொடுத்தது. மகனின் கலை வலியைக் கொடுத்தது. இஃது எழுதியோரின் கற்பனையே எனினும், அதனை நம்புமாறு செய்தது நடிகரின் உடலும் குரலும் ஆகும்.

7. ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழலாம். 'அப்படத்தின் புகழ் நடிப்பால் வந்ததன்று; நடிகரின் இறப்பால் வந்தது. இறந்தோன் மீண்டெழும் கதையில் நடித்தவர் அப்படப்பிடிப்பிலேயே இறந்தமையாற் காண்போர் உருகினர். அவ்வுருக்கத்தையே நீவிர் கலை எனக் கொண்டீர்' என்பது அத்தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 5 கோடி டாலர் ஈட்டிய அப்படத்திற்கு முதலிற் கூடிய கூட்டத்துள் அவ்வுருக்கத்தால் வந்தோர் பலர் என்பதை யாமும் உடன்படுவோம்.

எனினும் விடை உண்டு. இறப்பால் வரும் ஆர்வம் அவ்விறப்பின் செய்தி பழகியதும் தணியும். இப்படமோ முப்பதாண்டு கடந்தும் காணப்படுகின்றது. அன்றியும், இதன் வழிவந்த படங்கள் 1996, 2000, 2005 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. 1998இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. 2024இல் மூலக்கதை மீண்டும் படமாக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு நடிகர்கள் அக்கோலம் பூண்டனர். ஒவ்வொருவரும் பிராண்டன் லீயோடு ஒப்பிடப்பட்டனர். ஒருவரும் அவர் இடத்தைப் பெறவில்லை. தந்தையின் நிழலில் நின்றவர் என்று நாம் இரங்கும் ஒருவரே, தமக்குப் பின் வந்தோர்மேல் நிழல் வீழ்த்துபவராயினார். இரக்கம் மட்டும் இத்தகைய அளவுகோலைத் தாராது.

இன்னொன்றும் கூறல் வேண்டும். அவர் இறந்தபோது படத்தின் சில பகுதிகள் முடிவுறவில்லை. உடன்பணியாற்றிய சண்டைக் கலைஞர் ஒருவரின் உடல்மேல் கணிப்பொறியின் துணையாற் பிராண்டனின் முகத்தைப் பொருத்தி அவற்றை முடித்தனர். தந்தையின் 'கேம் ஆஃப் டெத்' 1978இல் முடிக்கப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. அங்கே பிறர் உடல்களும், கண்ணாடியில் ஒட்டிய முகப்படமும், புரூஸ் லீயின் உண்மையான இறுதி ஊர்வலக் காட்சியும் பயன்படுத்தப்பட்டன. அப்படத்திற் புரூஸ் லீ தாமே நடித்த பகுதி சில மணித்துளிகளே. எஞ்சியது தந்தையின் பெயரால் நிகழ்ந்த வாணிகம். 'தி குரோ'விலோ, நடிகர் தம் பாங்கின் பெரும்பகுதியை நடித்து முடித்திருந்தார். ஆதலின் அப்படத்தை அவருடைய படைப்பு எனக் கொண்டு ஆராய்தற்குத் தடையில்லை.

8. சாபம் என்னும் கதை

இனி, மூன்றாம் வினாவிற்கு வருவோம். தந்தை 32 அகவையிலும் மகன் 28 அகவையிலும் மறைந்தமையால், அக்குடிக்கு ஒரு சாபம் உண்டு என்னும் கதை பரவிற்று. 'கேம் ஆஃப் டெத்' படத்தில் ஒரு நடிகன் படப்பிடிப்பின்போது உண்மைக் குண்டாற் சுடப்படும் காட்சி உளது. பதினைந்து ஆண்டுகள் கழித்து மகன் அதனை ஒத்த சூழலில் இறந்தமை, கதை விரும்புவார்க்குப் பெருந்தீனியாயிற்று. புரூஸ் லீயின் வாழ்வைப் பற்றிய 'டிராகன்' என்னும் படம் மகன் இறந்து ஏறத்தாழ ஐந்து கிழமை கழித்து, 1993 மே திங்களில் அவருக்கே படையலாக வெளிவந்தது. அதில் ஒரு பேயுரு தந்தையையும் குழந்தை மகனையும் துரத்துவதாகவும், தந்தை பொருது மகனைக் காப்பதாகவும் காட்சி அமைக்கப்பட்டிருந்தது. பிராண்டன் தம் இறுதிக் காலத்து நேர்காணல் ஒன்றிற் பால் போல்ஸ் எழுதிய நாவலினின்றும் வாழ்நாளின் குறுமை பற்றிய பகுதியொன்றை எடுத்துரைத்தார். அதுவே அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டது. இதனைக்கொண்டு அவர் தம் முடிவை முன்னறிந்தார் என்பாரும் உளர். சாவினின்று மீண்டவனாக நடிக்கும் ஒருவர் சாவைப் பற்றி எண்ணிப் பேசுதல் நடிப்புத் தொழிலின் இயல்பு. அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

நிகழ்ந்தது யாது என்பது தெளிவாக அறியப்பட்டுள்ளது. துப்பாக்கியின் அண்மைக் காட்சி ஒன்றிற்காக, மருந்து நீக்கிய போலித் தோட்டாக்கள் உண்மைத் தோட்டாக்களினின்றும் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றில் தீமூட்டும் பகுதி நீக்கப்படாது எஞ்சியிருந்தது. அது வெடித்தபோது அதன் ஈயமுனை குழலுள் நுழைந்து சிக்கிக்கொண்டது. அதனை எவரும் ஆராய்ந்து பார்க்கவில்லை. பின்னர், அதே துப்பாக்கியில் ஓசைக்கு மட்டும் உரிய வெற்றுத் தோட்டா இடப்பட்டுச் சுடப்பட்டது. வெற்றுத் தோட்டாவின் மருந்து, குழலுட் கிடந்த முனையை உண்மைக் குண்டாகவே உந்தித் தள்ளியது. வட கரோலினா மாநிலத்து வில்மிங்டன் நகரில் இது நிகழ்ந்தது. ஆராய்ந்த அரசு வழக்குரைஞர் கவனக்குறைவு எனக் கண்டார். எவர்மீதும் குற்ற வழக்குத் தொடரப்படவில்லை. பிராண்டனின் திருமணம் அடுத்த ஏப்ரல் திங்களில் நிகழவிருந்தது.

குழலை ஒரு முறை நோக்கியிருந்தால் அவர் உயிர் பிழைத்திருப்பார். இவ்வெளிய உண்மையைச் சாபக்கதை மறைத்துவிடுகின்றது. சாபம் என்ற அளவிற் பொறுப்பு ஒருவருக்கும் இல்லையாகின்றது; ஊழின்மேல் பழி போகின்றது; தொழிற்களத்தின் ஒழுங்கின்மை திருந்தாது நிற்கின்றது. 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' என்னும் படத்தின் படப்பிடிப்பில் துப்பாக்கியாற் படப்பிடிப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். அவர் எந்தச் சாபக் குடியிலும் பிறந்தவர் அல்லர். கவனக்குறைவே ஈரிடத்தும் பொதுவாய காரணம். ஆதலின், சாபக்கதையை மறுத்தல் வெறும் பகுத்தறிவு முழக்கமன்று. இனி ஒருவர் அங்ஙனம் இறவாமைப் பொருட்டுச் செய்யும் கடமை.

கலைநோக்கிலும் அக்கதை தீங்கு பயக்கின்றது. சாபக்கதையில் மகன் செயப்படுபொருளாகவே நிற்கின்றார். அவர் கற்றது, தேர்ந்தது, மறுத்தது, முயன்றது யாதொன்றும் அக்கதைக்கு வேண்டுவதில்லை. அவர் இறந்தால் மட்டும் போதும். ஒரு கலைஞனுக்கு இதனினும் பெரிய இழிவு வேறில்லை.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தந்தையின் நிழல் குருதியுறவால் மட்டும் விளைவதன்று. களமும் காண்போரும் ஒன்றாதலாலும், தந்தை புகழின் உச்சியிலே மறைந்தமையாலும் பிராண்டன் லீ திறத்தில் அது மிகக் கடிதாயிற்று. அவருக்கு வாணிகம் வழங்கிய மாந்தர்கள் மீண்டும் மீண்டும் 'மகன்'களாகவே அமைந்தனர். அவ்வமைப்பினுள் நின்றே அவர் 'லெகசி ஆஃப் ரேஜ்' படத்தில் எளிமையையும், 'ராபிட் ஃபயர்' படத்தில் துயரை மறைக்கும் சினத்தையும் காட்டி வளர்ந்தார். 'தி குரோ'வில் வெகுளியை அழுகைக்கு மீட்கும் தனிநெறியொன்றை நிறுவினார். தந்தையின் நெறி அழுகையைப் பெருமிதமாக்குவது. மகனின் நெறி பெருமிதத்தை அழுகைக்குத் திருப்புவது. இருநெறியும் தம்முள் மாறுபட்டனவே அன்றி, ஒன்றன் குறை மற்றொன்று அன்று.

சியாட்டிலில் தந்தையும் மகனும் அருகருகே துயில்கின்றனர். அங்குச் செல்வார் இரு கல்லறைகளையும் ஒருங்கே காண்பர்; அது குடும்பத்தின் வரலாறு. திறனாய்வாளர்க்கு அவ்வொருங்கு காணல் போதாது. மகனின் படங்களைத் தனித்தெடுத்து, வலியனவற்றை வலியன எனவும், மெலியனவற்றை மெலியன எனவும் கூறுதல் அவர்தம் கடன். வாழ்ந்த காலத்தில் அவருக்கு அந்நடுவுநிலை முழுதும் வாய்க்கவில்லை. மாணவர் சிலரேனும் 'லெகசி ஆஃப் ரேஜ்' படத்தை மீண்டும் நோக்கி, எம் கருத்துகளை ஆராய்ந்து, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளின், இக்கட்டுரையின் பயன் நிறைவுறும்.